அவசர சிகிச்சைப் பிரிவில் இரைச்சலைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – செவிலியர், அரசு மருத்துவமனை

வணக்கம். எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயின் தீவிரத்துக்கேற்பப் பிரிக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகள் மூன்றும் ஒரே கூடத்தில் திரைச்சீலைகளால் மட்டுமே பிரிக்கப்பட்டுள்ளன. மானிட்டர் அலாரங்களும், ஸ்ட்ரெச்சர் சக்கரங்களும், நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல்களும் சேர்ந்துகொள்வதால், மருத்துவர் வாய்மொழியாகச் சொல்லும் மருந்தளவு 'பிஃப்டீன்' என்பதா 'பிஃப்டி' என்பதா என்று மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. முதியவர்கள் இந்தச் சத்தத்தில் மேலும் பதற்றமடைகிறார்கள். 'அமைதி காக்கவும்' என்ற பலகைகளால் பயனில்லை. பெரிய செலவின்றி முதலில் எதை மாற்றலாம்?

பதில் 1 – அவசர சிகிச்சை மருத்துவர்

சகோதரி, மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். அலாரங்களில் 85 முதல் 99 விழுக்காடு வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை என்று அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் 2013இல் எச்சரித்தது. வீண் அலாரங்களுக்குப் பழகிப்போன காது, உண்மையான ஆபத்தை அறிவிக்கும் அலாரத்தையும் தவறவிடும் என்பதே இதில் எனக்குப் பெரிய கவலை. பாஸ்டன் மெடிக்கல் சென்டரின் இதயநோய்ப் பிரிவில், எந்த அளவைத் தாண்டினால் அலாரம் ஒலிக்க வேண்டும் என்ற வரம்புகளைத் திருத்தியதில், ஒலிக்கும் அலாரங்கள் 89 விழுக்காடு குறைந்தன.

நாட்பட்ட நுரையீரல் நோயால் எப்போதும் 90 விழுக்காடு ஆக்சிஜன் அளவிலேயே இருப்பவருக்குக் கீழ்வரம்பை 92 என்று வைத்தால், மானிட்டர் ஓயாமல் அலறத்தான் செய்யும். பி.பி. கஃப் (இரத்த அழுத்தம் அளக்கும் பட்டை) கட்டிய கையிலேயே, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையும் மாட்டினால், கஃப் இறுகும் ஒவ்வொரு முறையும் அலாரம் ஒலிக்கும்; ஆக்சிமீட்டரை மறு கைக்கு மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. வியர்வையைத் துடைத்து, தோலை நன்கு உலர்த்தி எலக்ட்ரோடுகளை (இதயத் துடிப்பைப் பதிய மார்பில் ஒட்டும் வில்லைகளை) ஒட்டுவதும், அவற்றை நாள்தோறும் மாற்றுவதும் பொய் அலாரங்களை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அலாரத்தின் ஒலியளவை மட்டும் யாரும் தம் விருப்பத்திற்குக் குறைக்கக் கூடாது. மருந்தளவைப் பொறுத்தவரை, 'ஒன்று ஐந்து', 'ஐந்து சுழியம்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே மருந்து செலுத்துவதைக் கட்டாயமாக்குங்கள்.

பதில் 2 – வார்டு மேற்பார்வையாளர்

உடன் வந்தவர்கள் குரல் உயர்த்துவதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லாததுதான். நோயாளியுடன் ஒருவர் என்ற கட்டுப்பாட்டை விதிக்கும்போதே, வெளியே சென்று நிலைமையை விளக்க ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டுப்பாடே வாசலில் சண்டையை மூட்டும். உயிரிழந்தவரின் குடும்பத்தாருக்கு ஒரு தனி அறை அவசியம். அவர்களது அழுகையை இரைச்சல் கணக்கில் சேர்ப்பது நியாயமன்று.

பதில் 3 – உயிர்மருத்துவப் பொறியாளர்

வார்டுகளில் இரவு நேரச் சராசரி ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 1999இல் பரிந்துரைத்தது. அவசரப் பிரிவில் அது எட்டாத இலக்கு. ஆனாலும் 10 டெசிபல் குறைந்தாலே காதுக்கு ஏறத்தாழப் பாதிச் சத்தமாகத்தான் தோன்றும் என்பதால், சிறு மாற்றங்களும் வீண்போகாது. ஸ்ட்ரெச்சர்களுக்கு ரப்பர் சக்கரங்களைப் பொருத்தச் சொல்லுங்கள். டைல்ஸ் பதித்த சுவரும் தரையும் ஒலியை எதிரொலிப்பவை. நிதி கிடைத்தால், துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய, ஒலியை உறிஞ்சும் மேற்கூரைப் பலகைகளைக் கேளுங்கள். துணி போர்த்திய பலகைகள் கிருமித்தொற்றுக்கு இடமளிக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அலாரம் வரம்பைச் செவிலியரே மாற்றலாமா, ஐயா?

பதில் 1 – அவசர சிகிச்சை மருத்துவர்

மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகு மாற்றுங்கள். நோயாளியை வேறு வார்டுக்கு அனுப்பியதும் மானிட்டரில் அவரது பதிவை முடித்து, வரம்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இல்லையெனில் அவருக்காக 86 என்று வைத்த ஆக்சிஜன் கீழ்வரம்பு, அடுத்து அந்தப் படுக்கைக்கு வரும் ஆஸ்துமா நோயாளிக்கும் அப்படியே நீடிக்கக்கூடும்.