மீம் ஃபார்வேர்டு பண்ணதுக்கு மத நிந்தனைப் புகார், ஸ்டேஷன்ல கூப்பிடுறாங்க. போகலாமா?

காலடிப்பேட்டை வாசி:
எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளையார் சிலை கரைப்பைக் கிண்டல் பண்ணி ஒரு மீம் வந்துச்சு. போட்ட பையனுக்கு 22 வயசு. அவன் உருவாக்கினது இல்ல, ஃபார்வேர்டு மட்டும்தான். குரூப்ல இருந்த ஒருத்தரே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுத்துட்டார். "சும்மா வந்துட்டுப் போப்பா"ன்னு ஸ்டேஷன்லேர்ந்து போன். எஃப்.ஐ.ஆர் போட்டாச்சான்னு தெரியல. போனா அப்படியே ரிமாண்ட் பண்ணிடுவாங்களோன்னு வீட்ல பயம். மெசேஜை அழிச்சிடலாமா? அட்மினுக்கும் சிக்கலா? இந்த லட்சணத்துல கருத்துச் சுதந்திரம் எங்க இருக்குன்னு கேட்கத் தோணுது, அது அப்புறம்.

கோர்ட்டோரம்:
முதல்ல எந்தக் கட்டத்துல இருக்குன்னு பாருங்க: வெறும் சி.எஸ்.ஆர் ரசீதா (புகார் வந்ததுக்கான ரசீது மட்டும்), எஃப்.ஐ.ஆரா (வழக்கே பதிவானது). தமிழ்நாடு போலீஸ் இணையதளத்துல எஃப்.ஐ.ஆர் தேடலாம். ஆனா மத விவகாரம்னா சென்சிட்டிவ்னு ஏத்தாம விடுறது உண்டு. அங்க இல்லைங்கிறதால வழக்கே இல்லைன்னு நம்பி உட்காராதீங்க.

வழக்கமா போடுறது பி.என்.எஸ் (ஐ.பி.சிக்குப் பதிலா வந்த புது தண்டனைச் சட்டம்) 299, அதாவது பழைய 295ஏ, மத உணர்வைப் புண்படுத்துறது. கூடவே பிரிவினருக்குள்ள பகை மூட்டுறதுக்கான 196, 353(2). மூணுக்குமே பொதுவா 3 வருஷம் வரை தண்டனை. ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது, மாஜிஸ்திரேட் கொடுக்கலாம். 7 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றத்துல கண்ணை மூடிட்டுக் கைது பண்ணக் கூடாதுன்னு 2014லயே அர்னேஷ் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனால பி.என்.எஸ்.எஸ் (புது குற்ற நடைமுறைச் சட்டம்) 35(3)ல நோட்டீஸ் கொடுத்துத்தான் கூப்பிடணும். போன்ல சொல்றது நோட்டீஸ் ஆகாது. வாட்ஸ்அப்ல அனுப்பினாலும் செல்லாதுன்னு 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் உத்தரவு இருக்கு.

அதுக்காகப் போனை ஆஃப் பண்ணிட்டு ஊருக்குக் கிளம்பிடாதீங்க, அதையே தலைமறைவுன்னு எழுதுவாங்க. "எழுத்துல நோட்டீஸ் கொடுங்க, சொன்ன தேதிக்கு ஆஜராகிறேன்"னு ஒரு கடுதாசியை வக்கீல் கையில கொடுத்து அனுப்பி, நகல்ல ஸ்டேஷன் சீல் வாங்குங்க. நோட்டீஸ் கைக்கு வந்துட்டா அந்தத் தேதியில போயே ஆகணும். போகலைன்னா 35(6)ல கைது பண்ண அவங்களுக்கு வழி கிடைச்சிடும்.

எஃப்.ஐ.ஆர் இன்னும் போடலைன்னா 2025 மார்ச்சில் வந்த சுப்ரீம் கோர்ட்டோட இம்ரான் பிரதாப்கடி தீர்ப்பைக் காட்டலாம். பேச்சு, எழுத்து சம்பந்தமான இந்த மாதிரிப் புகார்ல பி.என்.எஸ்.எஸ் 173(3)ன்படி முதல்ல பூர்வாங்க விசாரணை நடத்துறதுதான் பொருத்தம்னு சொல்லியிருக்கு. டி.எஸ்.பி அனுமதி வேணும், நம்ம சென்னையில அது உதவி கமிஷனர். 14 நாளுக்குள்ள முடிக்கணும்.

பயம் தீரலைன்னா முன்ஜாமீன், உங்க பகுதிக்கான செஷன்ஸ் கோர்ட்டுல. பழைய சி.ஆர்.பி.சியில 482 எஃப்.ஐ.ஆரை ரத்து பண்ண, புது பி.என்.எஸ்.எஸ்ல 482 முன்ஜாமீனுக்கு. ரத்துக்கு இப்போ 528. பழைய நினைப்புல குழப்பிக்காதீங்க.

பாரிமுனை நடைபாதை:
அழிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நில்லுங்க. எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுதான். புகார்தாரர் கையில இருக்கிற ஸ்கிரீன்ஷாட்ல அந்த ஒரு மெசேஜ் மட்டும்தான் இருக்கும், மேலயும் கீழயும் ஓடின பேச்சு இருக்காது. பையன் போன்ல அந்தப் படத்துக்கு மேல சாம்பல் எழுத்துல 'ஃபார்வேர்டட்'னு ஒரு வரி இருக்கு பாருங்க, பல கை மாறி வந்திருந்தா ரெண்டு அம்புக்குறி. அவன் உருவாக்கலைங்கிறதுக்கு அதுதான் கையில இருக்கிற ஆதாரம், அதை அவனே அழிச்சா எப்படி? சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ஸ்கிரீன் ரெக்கார்டும் எடுங்க, ரெண்டையும் வக்கீல்கிட்ட கொடுங்க. புகார் தெரிஞ்ச பிறகு அழிச்சா சாட்சியத்தை மறைச்சதா பி.என்.எஸ் 238 சேர்க்கப் பார்ப்பாங்க. ஃபேக்டரி ரீசெட் பண்ணவே கூடாது.

ஃபார்வேர்டுதானேன்னு லேசா எடுத்துக்காதீங்க. எஸ்.வி. சேகர் முன்ஜாமீன் விவகாரத்துல, ஃபார்வேர்டு பண்றது அந்தக் கருத்தை ஏத்துக்கிறதுக்குச் சமம்னு நம்ம ஹைகோர்ட் 2018லயே எழுதிடுச்சு. அது பெண் பத்திரிகையாளர்கள் பத்தின பதிவு, மத வழக்கு இல்ல. 299க்கு வேண்டியது வேணும்னே, வன்மத்தோட புண்படுத்துற நோக்கம். 1957 ராம்ஜி லால் மோடி தீர்ப்பிலேர்ந்து அதுதான் அளவுகோல். அசட்டையா பண்ணது அதுல வராது. கிரிக்கெட் வீரர் தோனியைச் சாமி மாதிரி காட்டின பத்திரிகை அட்டைப்பட வழக்கை 2017ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணப்பவும் இதையேதான் சொன்னாங்க.

அட்மினா மட்டும் இருந்தா குற்றவாளி ஆக்க முடியாதுன்னு 2021ல மதுரைக் கிளை சொல்லியிருக்கு. அவரே பதில்ல சிரிப்பு எமோஜி போட்டிருந்தா கதை வேற.

குரூப்ல மன்னிப்பு கேட்கிறதா இருந்தா ரெண்டே வரி: "யாரையும் புண்படுத்தும் எண்ணமில்லை, வருந்துகிறேன்." "தெரிஞ்சேதான் போட்டேன்"னு வீராப்பா எழுதினா அந்த நோக்கத்தை நாமளே நிரூபிச்சுக் கொடுத்த மாதிரி.

கருப்புச் சட்டை:
அப்புறம்னு தள்ளிவெச்சதை நான் பேசுறேன். ஆன்லைன் பதிவுக்குக் கைது பண்ண வழி விட்ட ஐ.டி சட்டம் 66ஏ-யை 2015ல சுப்ரீம் கோர்ட்ல அடிச்சுட்டாங்க, வேலையை இப்போ 299 பார்க்குது. பி.என்.எஸ்.எஸ் 217ன்படி அரசு அனுமதி இல்லாம 299லயோ 196லயோ கோர்ட் வழக்கை எடுத்துக்க முடியாது. ஆனா கைதுக்கும் ரிமாண்டுக்கும் அந்த அனுமதி வேணாம்! ஓட்டை அங்கதான். அனுமதி வருமோ வராதோ, பையன் அதுக்குள்ள புழலைப் பார்த்துட்டு வந்துடுவான். பெரியார் 1953ல திருச்சியில பிள்ளையார் உருவத்தை உடைச்ச விவகாரத்துல, கீழ்க் கோர்ட்டுங்க புகாரைத் தள்ளினது தப்புன்னு 1958ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. சொன்ன கையோட, காலம் கடந்துடுச்சுன்னு மேல விசாரிக்கவும் சொல்லாம விட்டுடுச்சு. உடைச்சதுக்கே அவ்வளவுதான். கைதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும்னு சட்டத்தைத் திருத்தாத வரைக்கும் தீர்ப்பு எத்தனை வந்தாலும் ரிமாண்ட்தான் தண்டனை.

கோர்ட்டோரம்:
நியாயம்தான், ஆனா ரிமாண்ட் அன்னைக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி 217 எடுபடாது. அங்க கேட்க வேண்டியது ரெண்டு: 35(3) நோட்டீஸ் ஏன் தரல? கைதுக்கான காரணத்தை எழுத்துல கொடுத்தீங்களா? வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா 15100க்கு அடிச்சா இலவச சட்ட உதவி.

காலடிப்பேட்டை வாசி:
நன்றிங்க. வரும்போது போனையும் எடுத்துட்டு வரச் சொல்றாங்களே?

பாரிமுனை நடைபாதை:
கொடுக்கிறதா இருந்தா மகஜர்ல (என்ன பறிமுதல் பண்ணாங்கன்னு எழுதுற பட்டியல்) எழுதி வாங்காம கொடுக்காதீங்க. மாடல், கலர், விரிசல் இருந்தா அது, ரெண்டு ஐ.எம்.இ.ஐ நம்பர் எல்லாம் அதுல வரணும். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சா நம்பர் வரும், முன்னாடியே வீட்ல குறிச்சு வைங்க. சாட் இருக்கிறது போன்ல, சிம்ல இல்ல. சிம்மைத் திருப்பிக் கேளுங்க, இல்லைன்னா பேங்க் ஓ.டி.பி வராம அல்லாடணும். பாஸ்வேர்டு கேட்டா முறைச்சுக்க வேணாம், வக்கீல் மூலமா பதில் சொல்றேன்னு சொன்னா போதும். லேபுக்குப் போன போன் லேசுல திரும்பாது. வேலைக்கு வேணும்னா பி.என்.எஸ்.எஸ் 503ல மாஜிஸ்திரேட்கிட்ட மனு போடுங்க, மகஜர் நகல் இல்லாம அந்த மனு நகராது.