ஆங்கில வழி வகுப்பில் பிள்ளைகள் தமிழுக்குத் தாவும்போது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அறிவியல் ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி:

பத்தாம் வகுப்பு ஆங்கில வழிப் பிரிவுக்கு அறிவியல் எடுக்கிறேன். 2012-13 வாக்கில்தான் அரசுப் பள்ளிகளில் இந்தப் பிரிவுகள் பரவலாக வந்தன. எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலும் தெருவிலும் தமிழ் மட்டும்தான்.

போன வருஷம் ஆஸ்மாசிஸ் (சவ்வூடு பரவல்) பாடம். மாங்காயில் உப்புப் போட்டால் ஏன் தண்ணீர் விடுகிறது என்று கேட்டு, பக்கத்தில் இருப்பவர்களோடு பேசச் சொன்னேன். ஒரு பெண் தோழிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்: "வெளியில சால்ட் கான்சன்ட்ரேஷன் ஜாஸ்திடீ. அதனால உள்ள இருக்கிற வாட்டர் மெம்ப்ரேன் வழியா வெளிய வந்துடும். சால்ட் போடலன்னா அப்படியேதான் இருக்கும்." ஒரு பிசிறு இல்லை. அவளையே எழுப்பி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். புத்தகத்தில் இருக்கும் வரையறையை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சரி, மாங்காய்க்கு என்ன ஆச்சு என்றேன். பதில் இல்லை. தமிழில் சொல்லும்மா என்றதும் பழையபடி கடகடவென்று வந்தது.

அன்றிலிருந்து அவர்கள் பேச்சைக் கவனித்துக் கேட்கிறேன். பொருளின் பெயரெல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகிறது. "அப்சார்ப் பண்ணுது", "டிஃப்யூஸ் ஆகுது" என்று வினைச்சொல்லைக்கூடச் சுலபமாகத் தமிழுக்குள் கோத்துக்கொள்கிறார்கள். ஆனால் காரணம் சொல்லும் இடம் வந்தால், "அதனாலதான்", "இல்லன்னா", "இருந்தாலும்" எல்லாம் தமிழ். யோசனை ஓடுவது அங்கேதான். தமிழே கூடாது என்று தடுத்தால் கையில் மிஞ்சுவது பெயர்கள் மட்டும். இதைப் போய் அரைகுறை ஆங்கிலம் என்று பேசுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பொதுத்தேர்வு அறிவியல் வினாத்தாளில் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஆங்கில வழிப் பிள்ளைகள் பலர் தமிழ் வரியைப் படித்துக் கேள்வியைப் புரிந்துகொண்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். மாதிரித் தேர்வுகளில் விரல் எந்த வரியில் ஓடுகிறது என்று பார்த்தாலே தெரியும்.

முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் பள்ளியில் தமிழ் பேசினால் அபராதம். அதனால் ஆங்கிலம் வளர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. சந்தேகம் கேட்பது நின்றுபோனது, அவ்வளவுதான்.

அதற்காகத் தமிழில் பேசியதோடு விட்டுவிடவும் முடியாது. விடைத்தாளில் ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும்? அதனால் முதலில் தமிழில் பேச விடுகிறேன். அப்புறம் அந்தக் காரணத்தையே இரண்டு ஆங்கில வாக்கியமாகப் பலகையில் அவர்களே எழுத வேண்டும். "பிகாஸ்", "அதர்வைஸ்" போன்ற சொற்களைத்தான் அதிகம் பழக்குகிறேன். நேரம் பிடிக்கும், பாடம் பின்தங்கும். இருந்தாலும் விடமாட்டேன்.

பொறியாளர், கோவை:

டீச்சர், நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அப்புறம் மெக்கானிக்கல் படித்தேன், எல்லாமே ஆங்கிலம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் கொண்டுவந்தது. நான் சேர்ந்த கல்லூரியில் அது கிடையாது.

முதல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் எந்த ஸ்ட்ரோக்கில் பவர் கிடைக்கும், ஏன் என்று கேட்டார்கள். மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பிரித்து மாட்டியவன் நான். எனக்குத் தெரியாததா? ஆனால் வாய் எழவில்லை. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழ்லயே சொல்லு தம்பி" என்றார். கம்ப்ரஷன் முடிகிற நேரத்தில் ஸ்பார்க் விழுவது, கேஸ் விரிந்து பிஸ்டனைத் தள்ளுவது, மற்ற மூன்று ஸ்ட்ரோக்குக்கும் ஃப்ளைவீல் இழுத்துக்கொண்டு போவது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் அடுத்த கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். இந்த முறை நானும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன்.

உங்கள் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பிலேயே இது கிடைக்கிறது. அந்தப் பலகை வேலையை நிறுத்திவிடாதீர்கள் டீச்சர்.