புதுப்பிப்பு: தங்கையின் மகன் பேசத் தொடங்கிவிட்டான்

சபைக் கூச்சத்தால் வாயே திறக்காத 16 வயது மருமகனுக்கு என்ன செய்யலாம் என்று போன தை மாதம் கேட்டிருந்தேன். சனசமூக நிலையத்தில் நடக்கும் சனிக்கிழமைப் பயிற்சியில் சேர்த்தோம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சுப் பயிற்சிக் கழகங்களின் முறைதான்: அந்த இடத்திலேயே ஒரு தலைப்பு, ஒன்று முதல் இரண்டு நிமிடப் பேச்சு. இடையில் வரும் ‘ஆ’, ‘ம்’ எல்லாவற்றையும் ஒருவர் எண்ணுவார். முதல் நாள் 20 விநாடியில் இறங்கிவிட்டான்.

அவனைத் திறந்துவிட்டது வில்லிசைதான், வில்லை அடித்துக் குழுவாகப் பாடிக் கதை சொல்லும் கலை. பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுகிற நேரத்தில் மூச்சும் வருகிறது, அடுத்த வரியும் வருகிறது. தனியே நிற்கிற பயமும் இல்லை. ஈழத்து வில்லிசைக் கலைஞர் சின்னமணியின் வில்லிசை கேட்டு வளர்ந்த அம்மம்மா, வீட்டிலேயே ‘ஆமா’ போட்டுப் பழக்கினா. போன கிழமை ஊர் வாசிகசாலை பற்றித் தானே எழுதி, பத்து நிமிடம் பாடிப் பேசினான். கூச்சமுள்ள பிள்ளையை முதலில் குழுவோடு மேடையேற்றுங்கள், தனிப்பேச்சு அப்புறம்.