மறு: கிரவுண்ட் லூப்புக்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு கருவிகளின் எர்த் கம்பிகளும் அவற்றை இணைக்கும் ஆடியோ கேபிளும் சேர்ந்து ஒரு வளையமாகி, ஸ்பீக்கரில் உறுமல் தரும் கோளாறுதான் கிரவுண்ட் லூப். அதற்குப் போன மடலில் நான் முன்வைத்த 'இரட்டைப் புவியிணைப்பு' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இரண்டு எர்த் இருப்பதுதான் கோளாறு என்று சொல்லே சொன்னால், படிப்பவர் ஒன்றை வெட்டத்தானே பார்ப்பார்?

கற்பனையாகச் சொல்லவில்லை. என்னிடம் வந்த பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் பிளக்கில் எர்த் பின் இல்லை. அறுத்த இடம் பளபளவென்று இருந்தது. ஸ்பீக்கரில் உறுமல் கேட்கிறது என்று யாரோ செய்த வைத்தியம். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தேன். வீட்டு மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி காட்டியது. இது உள்ளேயிருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக வரும் சிறு கசிவு. தொட்டால் சுர்ரென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு லைவ் கம்பி உடலைத் தொட்டால்? எர்த் இருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். இல்லாததால் முழு மின்னழுத்தமும் அந்தப் பெட்டி மேலேயே நிற்கும். ஆடியோ கேபிள் வழியாக டிவி, கணினி என்று அடுத்த கருவிக்கும் போகும்.

இரண்டு கருவிக்கும் எர்த் இருப்பது சரிதான். இரண்டு எர்த்துக்கும் இடையே இருக்கும் சிறு மின்னழுத்த வேறுபாடு, ஆடியோ கேபிளின் மேல்வலை (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வழியாக ஓட்டமாகப் பாய்கிறது; அதுதான் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் உறுமுகிறது. அந்தக் கேபிளைக் கழற்றியதும் உறுமல் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். எர்த்தை வெட்டாமலே மருந்து உண்டு: எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் செருகிப் பார்ப்பது, போகவில்லையென்றால் கேபிள் நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரு பக்கத்தையும் கம்பியால் நேரடியாக இணைக்காமல் ஒலியை மட்டும் கடத்துவது) போடுவது.

ஆகவே 'கவச வளையம்' என்கிறேன். கேபிளின் மேல்வலையைக் கவசம் என்று ஏற்கெனவே சொல்கிறோம். எங்கே வளையம் மூடுகிறதோ அந்த இடத்தைச் சொல் காட்டுகிறது. மூலச்சொல்லில் 'நிலம்' இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். 'நிலச்சுற்று' என்றால் ஒழுங்காகப் போட்ட எர்த்தையும் குறிக்கும். 'நிலக்கண்ணி' என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'வெடி' என்று எனக்குத் தானாக வந்துவிட்டது.

சொல் தப்பானால் பழியும் தப்பான இடத்தில் விழும். ஷார்ட் சர்க்யூட்டையெல்லாம் செய்தித்தாள்கள் 'மின்கசிவு' என்று எழுதி எழுதி, நிஜக் கசிவைச் சொல்ல வேண்டிய இடத்தில் நமக்கு வார்த்தை இல்லாமல் போனது. மேலே 'சிறு கசிவு' என்று எழுதும்போதே கை தயங்கியது.

அப்புறம், இந்த உறுமலை ஆங்கிலத்தில் ஹம் என்கிறார்களே, அதற்கு 'முரல்வு' என்பது அழகாக இருக்கிறது, ஆனால் வண்டு முரலும். இந்தச் சத்தத்துக்கு அத்தனை இனிமை கிடையாது. 'உறுமல்' போதாதா?