புஹோலில் வெறும் குழம்பு சாப்பிட்ட அனுபவம்

"மெக்சிகோ சிட்டியில் புஹோல் உணவகத்துக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவ்வளவு காசு கொடுக்கலாமா?" என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். போயிருக்கிறோம். கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் எதற்காகக் கொடுக்கலாம் என்பதில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு முன்கதை. என்ரிகே ஒல்வேரா என்ற சமையல் கலைஞர் நியூயார்க்கில் படித்துவிட்டுத் திரும்பி, இருபத்துச் சொச்சம் வயதில் 2000-ல் தொடங்கிய இடம் இது. 2017-ல் அதே போலாங்கோ பகுதியில் டென்னிசன் தெருவுக்கு மாறியது. 2024 மே மாதம், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிச்செலின் வழிகாட்டிக்காரர்கள் முதல்முறையாக மெக்சிகோவுக்குப் பட்டியல் போட்டபோது இரண்டு நட்சத்திரம் வாங்கியவை இரண்டே உணவகங்கள்: புஹோல், குயின்டோனில். இரண்டும் போலாங்கோவில்தான். மூன்று நட்சத்திரம் யாருக்கும் கொடுக்கவில்லை.

இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. இணையத்தில் பல வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். இரவுக்குக் கிடைக்காவிட்டால் மதியத்துக்குப் பாருங்கள். நாங்கள் மதியம்தான் போனோம். அங்கே மதியச் சாப்பாடு என்றால் இரண்டு மணிக்கு மேல். மூன்றரைக்குக்கூட ஆட்கள் சாவகாசமாக உள்ளே வருகிறார்கள். காலையில் பக்கத்திலிருக்கும் மானுடவியல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு நடந்து போனோம். போலாங்கோவில் தெருக்களுக்கெல்லாம் எழுத்தாளர்கள், அறிஞர்கள் பெயர். நிழலான மரங்கள், விலை பார்க்கவே பயமாக இருக்கும் கடைகள். நகரமே கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொஞ்சம் வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். மெஸ்கால் என்கிற அந்த ஊர்ச் சாராயம் ஒரு கிளாஸிலேயே எனக்கு வேலையைக் காட்டிவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வந்ததில் எனக்கு மறக்காதது ஒரு சுரைக்குடுக்கை. மூடியைத் திறந்ததும் புகை மேலே எழும்பியது. மக்காச்சோளத் தோகை கருகுகிற வாசனை. உள்ளே பிஞ்சு மக்காச்சோளங்கள், விரல் நீளத்துக்கு, மேலெல்லாம் பழுப்பு நிற மயோனைஸ். அந்த மயோனைஸில் காபித்தூள், கோஸ்தேன்யோ என்கிற மிளகாய், அப்புறம் சிக்காத்தானா எறும்பை வறுத்து அரைத்த பொடி. எறும்பு என்று சொன்னதும் முகம் சுளிக்க வேண்டாம். வாயில் வைத்தால் வறுத்த கடலைத்தோல் மாதிரி ஒரு கசப்பும் எண்ணெய்ப்பசையும்தான் தெரியும். காபி அந்தக் கசப்பை ஒரு படி ஏற்றிவிடுகிறது. மிளகாய் கடைசியில், தொண்டைக்குப் போகிற வழியில்தான் தெரிகிறது.

இதில் ரசிக்கத்தக்கது என்னவென்றால், இது தெருவோரத் தின்பண்டம். மெக்சிகோ சிட்டியில் எந்த மூலையிலும் வண்டிக்காரர்கள் வேகவைத்த மக்காச்சோளக் கதிரில் மயோனைஸ் தடவி, பாலாடைக்கட்டியைத் தூவி, மிளகாய்த்தூள் போட்டு, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். ஒல்வேரா அதைத்தான் எடுத்து, கதிரைப் பிஞ்சாக்கி, மயோனைஸில் வஹாக்கா மாநிலத்து எறும்பைக் கலந்திருக்கிறார். முந்தின நாள் வண்டிக்கடையில் சாப்பிட்டிருந்ததால் எனக்கு அந்த விளையாட்டு உடனே புரிந்தது. நேராக விமான நிலையத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தால் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போயிருப்பேன். அதனால் புஹோலைப் பயணத்தின் முதல் நாளில் வைக்காதீர்கள்.

நடுவில் மீன் வந்தது, காய்கறி வந்தது. நன்றாக இருந்தன. அதைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு ஒன்றும் இல்லை.

பிறகுதான் அந்தத் தட்டு. பெரிய தட்டில் இரண்டு வட்டம். வெளி வட்டம் கிட்டத்தட்டக் கருப்பு, மேலே லேசான மினுமினுப்பு. அதன் நடுவில் செங்கல் நிறத்தில் சின்ன வட்டம். கோழி இல்லை, மீன் இல்லை, காய் இல்லை, ஓரத்தில் ஓர் இலைகூட இல்லை. மோலே என்கிற குழம்பு மட்டும். வெளியே இருப்பது பல வருடமாகச் சூடாகிக்கொண்டிருக்கும் தாய்க் குழம்பு. உள்ளே இருப்பது புதிதாக வைத்தது. தினமும் பழையதைச் சூடாக்கி, குறையக் குறையப் புதுக் குழம்பை அதில் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். வயதை நாளாகத்தான் சொல்வது வழக்கம், அதுவும் ஆயிரங்களில். பரிமாறுபவர் அன்றைய எண்ணைப் பெருமையாகச் சொன்னார். வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து, "மீந்த குழம்பைச் சூடு பண்ணிக் கொடுக்கவா இவ்வளவு காசு?" என்றார்.

கரண்டி கிடையாது. கூடையில் துணி சுற்றிய சூடான டோர்டியா, அதாவது மக்காச்சோள ரொட்டி வந்தது, ஒவ்வொன்றிலும் ஓஹா சாந்தா என்ற வாசனை இலையை வைத்து அழுத்திச் சுட்டிருந்தார்கள். சோம்பு வாசனை அடிக்கும் இலை அது. கிழித்து, தொட்டு, சாப்பிட வேண்டியதுதான். நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்து மேசைக்காரர்தான் கத்தி முள்கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

புதுசை முதலில் தொட்டேன். காய்ந்த மிளகாயின் புளிப்பும் பழத்தின் இனிப்பும் பட்டையும் தனித்தனியாகத் தெரிந்தன. பழையதில் அப்படி எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. இனிப்பா, கசப்பா, காரமா என்று நாக்கு ஒரு முடிவுக்கு வருவதற்குள் அடுத்த வாய்க்குக் கை போய்விடுகிறது. மோலே வைப்பவர்களைக் கேட்டால் தெரியும்: மிளகாய் வகைகளை ஒவ்வொன்றாகக் கருக வறுத்து, ஊறவைத்து, எள், பாதாம், திராட்சை, நேந்திரம் போன்ற வாழை, தக்காளி, கிராம்பு, கொஞ்சம் சாக்லேட் என்று இருபதுக்கு மேற்பட்ட சாமான்களை வறுத்து அரைத்துச் சேர்ப்பார்கள். வஹாக்காவின் கருப்பு மோலேயில் டோர்டியாவையே கரியாகச் சுட்டு அரைப்பதுண்டு. கல்யாணத்துக்கும் இறந்தவர்களின் நாளுக்கும் ஊர்கூடி வைக்கும் குழம்பு. வழக்கமாக அதில் வான்கோழியோ கோழியோதான் பெரிய மனுஷன். குழம்பு அதைச் சுற்றி நிற்கும். இங்கே கறியை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் உட்காரவைத்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

வீட்டுக்காரர் கட்சி வேறு. குழம்பு பேர் வாங்கிக்கொண்டது, வேலை பார்த்ததெல்லாம் டோர்டியாதான் என்கிறார். யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்றதும் கழுவி, கல்லில் அரைத்து எடுக்கிற மாவு அது. சுண்ணாம்பு பட்டால்தான் மாவு ஒட்டும், தட்ட வரும். சோளத்தில் சிக்கிக் கிடக்கும் நியாசின் சத்தும் உடம்புக்குக் கிடைக்கும். இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டு மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவில், அதையே நம்பிச் சாப்பிட்ட ஏழைகளுக்கு அந்தச் சத்துக் குறைவால் பெலாக்ரா என்ற நோய் வந்தது. அந்தக் கூடையில் கடைசியாக ஒன்று மிஞ்சியது, குழம்பு தீர்ந்திருந்தது. அதை வெறுமனே அவர்தான் சாப்பிட்டார், எனக்குத் தரவில்லை.

கடைசியில் சுர்ரோ என்கிற பொரித்த இனிப்பும் காபியும். வெளியே வரும்போது மணி ஆறு.

⁂

அக்கா, படிக்கப் படிக்கப் பசிக்கிறது. சைவக்காரர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். நான் முட்டைகூடச் சாப்பிடாதவன், வேலை விஷயமாக அங்கே சில மாதங்கள் இருந்தேன். பெரிய உணவகங்களில் பதிவு செய்யும்போதே எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை, தனியாகச் செய்து தருகிறார்கள். ஏமாறுவது சின்னக் கடைகளில்தான். பீன்ஸ்தானே என்று வாங்கினால் பன்றிக்கொழுப்பில் தாளித்திருக்கும். அரிசிச்சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கும். மோலேயிலும் இரண்டும் சேர்ப்பது சகஜம். "கறி இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது பொய்யும் இல்லை, கறி இல்லைதான். "மன்தேக்கா, கால்தோ தே போயோ இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். கொழுப்பு, கோழிச்சாறு.

குயின்டோனில் போனேன். ஹோர்ஹே வயேஹோவும் அவர் மனைவி அலெஹாந்திரா ஃப்ளோரெஸும் 2012-ல் தொடங்கியது. குயின்டோனில் என்பது ஒரு கீரை, நம் தண்டுக்கீரையின் குடும்பம். காய்கறிக்கு அங்கே தரும் மரியாதையைப் பார்த்தபோது, சைவம் கேட்டதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டியிருக்கவில்லை. கள்ளிமடலில் எத்தனை விதம்! கீரையில் எத்தனை விதம்! அதே போலாங்கோவில் இன்னோர் இடத்தில், பெயர் வேண்டாம், சைவம் என்றதும் மூன்று தட்டிலும் ஒரே சுட்ட கத்தரிக்காயை வேறு வேறு சட்டினியோடு கொண்டுவந்தார்கள். காசு மட்டும் முழுசு.

⁂

எறும்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கம், விருதுநகர் மாவட்டத்தில், முதல் மழைக்குப் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை விளக்கு வைத்துப் பிடித்து, சிறகைப் புடைத்து, அரிசியோடு வறுத்துச் சாப்பிட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. சிக்காத்தானாவும் முதல் பெருமழைக்கு வெளிவரும் இறகு முளைத்த எறும்புதான். வருடத்தில் சில நாள்தான் கிடைக்கும், அதனால் விலையும் அதிகம். வஹாக்கா சந்தையில் அளந்து விற்றார்கள், நான் ஒரு கைப்பிடி வாங்கினேன். பக்கத்திலேயே வெட்டுக்கிளி, பூண்டும் எலுமிச்சையும் போட்டு வறுத்தது. அது மொறுமொறுப்பு, எறும்புதான் ருசி.

⁂

அக்காவின் வீட்டுக்காரர் கட்சியில் நான் சேர்ந்துகொள்கிறேன். டோர்டியாதான் முக்கியம் என்றால் அதே மெக்சிகோ சிட்டியில் ரோமா பகுதியில் இருக்கும் எக்ஸ்பெந்தியோ தே மயீஸ் போங்கள். இதுவும் 2024-ல் ஒரு நட்சத்திரம் வாங்கியதுதான், ஆனால் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். மெனு கார்டு கிடையாது, முன்பதிவும் கிடையாது. தெருவில் வரிசையில் நின்று, பெஞ்சில் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கி உட்கார வேண்டும். "எதை ஒதுக்குவீர்கள்?" என்று மட்டும் கேட்பார்கள். அப்புறம் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அது வரும். நீங்கள் போதும் என்று சொல்கிறவரை வந்துகொண்டே இருக்கும். நான் போனபோது நீல மாவில் தட்டிய ஒன்று, உள்ளே பீன்ஸ், மேலே ஏதோ பூ. அடுத்ததில் வீட்லகோச்சே, அதாவது மக்காச்சோளக் கதிரில் பிடிக்கும் கருப்புப் பூஞ்சை. நம் ஊர் விவசாயி பார்த்தால் பிடுங்கி எரிப்பார். அங்கே அதற்கு நல்ல கதிரைவிட விலை. மண்வாசனையும் காளான் வாசனையும் கலந்து, மையைப் போல வாயைக் கருப்பாக்கிவிடுகிறது. கல்லில் தட்டிப் போடும் பெண்கள் கண்ணெதிரே நிற்கிறார்கள். மாவை உருட்டுவதும் திருப்புவதும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரொக்கம் கொண்டுபோங்கள்.

⁂

அண்ணன் அக்காமார் எல்லாம் மன்னிக்கணும், நான் படிக்கிற பையன். எனக்குக் கட்டுப்படியான மிச்செலின் கடை எல் கலீஃபா தே லேயோன். சான் ரஃபாயேல் பகுதியில் 1968 முதல் நடக்கும் டாக்கோ கடை. டாக்கோ என்றால் டோர்டியாவில் கறி வைத்துத் தருவது. நட்சத்திரம் வாங்கிய முதல் மெக்சிகோ டாக்கோ கடை அதுதான். உள்ளே நாலு பேர் நின்றால் இடம் முடிந்தது. நாற்காலி இல்லை. நாலே வகை டாக்கோ. மூன்று மாடு, ஒன்று பன்றி. மாடு சாப்பிடாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பிரபலமானது கவோனேரா: மெல்லிசாகத் தட்டிய மாட்டுக்கறி, கொதிக்கிற இரும்புத் தட்டில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிழி எலுமிச்சை, திருப்பு, டோர்டியாவில் போடு. ஒரு நிமிஷத்துக்குள் கையில் இருக்கும். பச்சை, சிவப்பு என்று இரண்டு சட்டினி. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்று சாப்பிட வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் அவ்வளவு வெக்கை, வேலை செய்பவர் அசரவே இல்லை. புஹோலில் ஒருவர் கொடுக்கும் காசுக்கு எங்கள் விடுதி அறைக்கே இங்கே விருந்து வைக்கலாம்.

⁂

தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு? மறுநாள் நாங்களும் அங்கே வரிசையில் நின்றோம். வீட்டுக்காரர் மாடு சாப்பிட மாட்டார், பன்றி டாக்கோ வாங்கிக்கொண்டார்.

டிப்ஸ், முன்பதிவு, விசா பற்றிக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில். சேவைக்கான டிப்ஸ் பில்லில் தானாகச் சேராது. பத்து முதல் பதினைந்து சதவீதம் வைப்பது வழக்கம். கார்டு மெஷினை நீட்டும்போதே எவ்வளவு என்று கேட்பார்கள். புஹோலில் இடம் கிடைக்காவிட்டால் இரண்டு வழி உண்டு. ஒன்று, அங்கேயே பார் பக்கத்தில் டாக்கோவை ஒவ்வொன்றாகப் பரிமாறும் தனி மெனு இருக்கிறது, அதற்குத் தனியாகப் பதிவு செய்யலாம். இன்னொன்று, கொந்தேசா பகுதியில் ஒல்வேராவே நடத்தும் மொலீனோ எல் புஹோல். சின்ன மாவு மில், டோர்டியாக் கடை. அரைத்த மாவு, டோர்டியா, தமாலே (மக்காச்சோள மாவைத் தோகையில் சுற்றி வேகவைத்தது) வாங்கலாம், உட்கார்ந்தும் சாப்பிடலாம். முன்பதிவு வேண்டாம். அமெரிக்க விசா கையில் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குச் சுற்றுலாவுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை, ஆனால் கிளம்புமுன் தூதரகப் பக்கத்தில் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பெண்ணை நாங்கள் கூட்டிப்போகவில்லை, சித்தி வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனோம். மூன்று மணி நேரம் உட்கார வேண்டிய சாப்பாடு. மொலீனோவுக்குக் கூட்டிப்போங்கள்.