மியாட்டாவில் நியூஜெர்சி முதல் சான் பிரான்சிஸ்கோ வரை: ஸ்டெப்னி இல்லாமல் 2,900 மைல்

இரட்டைஇருக்கை:

வணக்கம். செப்டம்பர் மூன்றாம் வாரம் நியூஜெர்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிமாறுகிறோம். வீட்டுச் சாமான் லாரியில் போய்விடும். காரை மட்டும் நானும் மனைவியும் ஓட்டிக்கொண்டே போவதாகத் திட்டம். கையில் 8 நாள்.

கார்: 2019 மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா, என்டி மாடல், துணிக்கூரை, 6 கியர் மேனுவல், 31,000 மைல். டயர் 205/45 ஆர்17 சம்மர் டயர். பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ளம், 4/32 அங்குலம் மீதி இருக்கிறது.

டயரைக் கிளம்பும் முன் மாற்றுவதா, போய்ச் சேர்ந்த பிறகு மாற்றுவதா? ஐ-80 நெடுஞ்சாலை முழுக்க ஒரே நேர்கோடு என்கிறார்களே, இந்த மாதிரிக் காருக்கு ஏற்ற சாலை வழியில் ஏதாவது உண்டா? அப்புறம், அந்தச் சின்ன டிக்கியில் இரண்டு பேர் சாமானை எப்படி அடைப்பது?

டார்க்ரெஞ்ச்:

டயரைக் கிளம்பும் முன்பே மாற்றுங்கள். சட்டப்படி 2/32 வரை ஓட்டலாம்தான். ஆனால் 4/32க்குக் கீழே போனால் மழைநீரை வெளியே தள்ளப் பள்ளம் போதாது. என்டி ரொம்ப லேசான கார், டயரோ அகலம். அயோவாவில் ஒரு நல்ல மழை பிடித்தால் 70 மைல் வேகத்தில் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று வெண்ணெய் மாதிரி லேசாவதுதான் அறிகுறி.

அதைவிடப் பெரிய காரணம் குளிர். சம்மர் டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். வயோமிங்கில் லாரமி ஊர் 7,000 அடிக்கு மேலே இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் அங்கே விடியற்காலை உறைநிலைக்குப் போவது சாதாரணம். அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆல்-சீசன் வகையில் நாலும் புதிதாகப் போடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டு 200 மைலாவது ஓட்டிப் பாருங்கள். பேலன்ஸிங் சரியில்லை என்றால் 65-75 மைல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், அது உள்ளூரிலேயே தெரிந்துவிட்டால் நல்லது. அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள். முதல் 50-100 மைலுக்குப் பிறகு வீல் நட்டை மறுபடி இறுக்க வேண்டும்: 21 எம்எம் சாக்கெட், 80 முதல் 108 பவுண்ட்-அடி.

இனி முக்கியமான விஷயம். இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் சீலன்ட் திரவம் ஒரு பாட்டிலும் குட்டி கம்ப்ரசரும்தான் இருக்கும். பாட்டிலில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், 2019 கார் என்றால் அநேகமாகத் தாண்டியிருக்கும். சீலன்டைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஊற்றிவிட்டால் பிறகு பஞ்சர் ஒட்டுபவர் முகம் சுளிப்பார், சில கடைகளில் தொடவே மாட்டார்கள். முதலில் கயிற்றுப் பிளக் கிட்: டி வடிவக் கைப்பிடி வைத்த அரம், ஊசி, பிசுபிசுப்பான கயிறு பத்து, ரப்பர் சிமென்ட் ஒரு டியூப், கூடவே ஒரு குறடு, ஒரு பிளேடு. எல்லாம் சேர்த்து ஒரு செருப்பு டப்பா அளவுகூட வராது.

ஆணி ஏறியிருந்தால் உடனே பிடுங்கக் கூடாது. அது இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். முதலில் சாலையை விட்டு முழுசாக விலகி நில்லுங்கள். சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் கை நன்றாக உள்ளே போகும். பின்சக்கரம் என்றால் ஆணி கைக்கு எட்டும் இடத்துக்கு வரும்வரை காரை அரை அடி, ஒரு அடி என்று உருட்ட வேண்டும். பிறகு ஹேண்ட்பிரேக், முதல் கியர். இவ்வளவும் முடிந்த பிறகுதான் குறடு.

ஆணி போன கோணத்திலேயே, சிமென்ட் தடவிய அரத்தைப் பத்துத் தடவை உள்ளும் வெளியுமாக இழுங்கள். டயருக்குள் எஃகுக் கம்பி இழைகள் உண்டு, ஓட்டை கரடுமுரடாக இருந்தால் அவை கயிற்றை அறுத்துவிடும். கயிற்றின் நடுப்பகுதி ஊசிக் காதில் இருக்கட்டும். வெளியே அரை அங்குலம் நிற்கும்வரை அழுத்திவிட்டு, ஊசியைச் சுற்றாமல் வெடுக்கென்று இழுங்கள். கயிறு உள்ளே தங்கிவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை அறுத்துவிட்டு 29 பிஎஸ்ஐ வரை காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

இது பட்டன் பகுதிக்கு மட்டும், ஓட்டை கால் அங்குலத்துக்கு மேல் இல்லாதபோது மட்டும். டயரின் தோள்பட்டையிலோ (பட்டனும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பு) பக்கச்சுவரிலோ ஏறியிருந்தால் டயர் மாற்றுவதுதான் வழி. ஒட்டிய பிறகும் அடுத்த ஊரில் டயரைக் கழற்றி உள்பக்கம் பேட்ச் வைத்துவிடுங்கள்.

மேற்குமைல்:

டார்க்ரெஞ்ச் டயரோடு நிறுத்திவிட்டார். அதை வைத்துத்தான் நாள் கணக்கையே போட வேண்டும். 205/45 ஆர்17 சின்ன ஊர்க் கடையில் தயாராக இருக்கும் என்று நம்ப முடியாது. ஐ-80இல் டிமோய்ன், ஓமஹா, லிங்கன் வரை பெரிய ஊர்கள் நெருக்கமாக வரும். ஷயானைத் தாண்டினால் சால்ட் லேக் சிட்டி வரை 440 மைல், அங்கிருந்து ரீனோ வரை இன்னொரு 520 மைல். இந்த இரண்டு துண்டும் ஞாயிற்றுக்கிழமையில் விழாதபடி கிளம்பும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

என் கணக்கு: முதல் நாள் டோலீடோ, இரண்டாம் நாள் அயோவா சிட்டி, மூன்றாம் நாள் நெப்ராஸ்காவில் நார்த் பிளாட். இந்த மூன்று நாளும் சுமார் 500 மைல் வீதம் வெறும் ஓட்டம்தான், அதில் ரசிக்க அதிகம் இல்லை. மிச்சப்படும் நேரத்தை மேற்கில் செலவழியுங்கள். நான்காம் நாள் லாரமி மட்டும் போதும், 275 மைல்தான்.

லாரமியிலிருந்து ஐ-80இல் ஏறாதீர்கள். எல்க் மவுன்டன் பக்கம் போகும் அந்தத் துண்டு காற்றுக்குப் பேர்போனது, லாரிகள் கவிழும் அளவுக்கு அடிக்கும். அதற்குப் பதில் வயோமிங் 130, ஸ்னோயி ரேஞ்ச் சாலை. 10,847 அடி வரை ஏறி, ஏரிகளுக்கு நடுவே வளைந்து சாரட்டோகா பக்கம் இறங்கி மறுபடி ஐ-80இல் சேரும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். செப்டம்பரில் பெரும்பாலும் திறந்திருக்கும், ஆனால் திடீர்ப் பனி உண்டு. அன்று காலை வயோமிங் 511 என்ற சாலை நிலவரத் தளத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அடுத்தது எவன்ஸ்டன். அங்கே தெற்கே திரும்பினால் யூட்டா 150, மிரர் லேக் ஹைவே. காமஸ் ஊர் வரை 78 மைல், பால்ட் மவுன்டன் கணவாயில் 10,700 அடியைத் தொடும். மியாட்டாவை இதற்காகத்தான் செய்தார்களோ என்று தோன்றும். அது முடிந்தால் சால்ட் லேக் பக்கத்தில்தான்.

நெவாடாவிலும் ஐ-80ஐ விட்டுவிடலாம். வெண்டோவரில் தெற்கே திரும்பி ஈலி, அங்கிருந்து யூஎஸ் 50. வளைவு அதிகம் இராது. மலைத்தொடர் ஒன்று, சமவெளி ஒன்று என்று மாறி மாறி வரும், லாரி அதிகம் கிடையாது. பெட்ரோல் கணக்கு மட்டும் கவனம்: ஈலி-யுரீக்கா 77 மைல், யுரீக்கா-ஆஸ்டின் 70, ஆஸ்டின்-ஃபாலன் 110. உங்கள் டாங்க் 11.9 கேலன், கேலனுக்கு 33 மைல் என்றால் கணக்குப்படி 390 வரும். எதிர்காற்று, ஏற்றம், திறந்த கூரை எல்லாவற்றையும் கழித்து 280 மைல்தான் கையில் இருப்பதாக நினைத்து ஓட்டுங்கள். ஃபாலன் தாண்டிக் கார்சன் சிட்டி, பிறகு கலிபோர்னியா 88இல் கார்சன் கணவாய். ஐ-80 போகும் டானர் கணவாயின் நெரிசலைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று, மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோலை "ரெகுலர்" என்று விற்பார்கள், விலை குறைவாக இருக்கும். பழக்க தோஷத்தில் அந்தப் பொத்தானை அமுக்கிவிடாதீர்கள். இந்த இன்ஜினுக்கு 91 போடுங்கள்.

ஆறாம்கியர்:

டிக்கி 4.6 கன அடி. ஆழம் இருக்கிறது, வாய்தான் குறுகல். கெட்டிச் சூட்கேஸ் இரண்டு வைத்தால் சுற்றிலும் வீணாகும் இடமே ஒரு பை அளவு வரும். மடங்கும் துணிப்பை நாலு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய ஒன்று இரண்டு வேண்டாம், சின்னது நாலு. சைலன்சர் சூட்டில் டிக்கித் தரை வெதுவெதுப்பாகும், சாக்லேட், மாத்திரை, லேப்டாப் எதையும் அடியில் வைக்காதீர்கள். பஞ்சர் கிட்டை அடியில் புதைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. மழையில், லாரி உரசிப்போகும் ஓரத்தில் நின்று நாலு பையையும் வெளியே எடுத்தால்தான் கிட் கைக்கு வரும். அதை மேலே, கடைசியாக வையுங்கள்.

இடத்தைவிட எடைதான் உண்மையான எல்லை. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர், ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு என்று போட்டிருக்கும். ஒருவர் 160, இன்னொருவர் 140 என்றால் அங்கேயே 300 போயிற்று. மீதி எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள், சமையல் பாத்திரமும் புத்தகமும் லாரியிலேயே போகட்டும் என்று உங்களுக்கே தோன்றும்.

உயரத்தில் டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். ஸ்னோயி ரேஞ்ச் உச்சியில் உங்கள் 181 குதிரையில் மூன்றில் ஒரு பங்கு இருக்காது. கார் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம், மூன்றாம் கியருக்கு வாருங்கள். இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை விடாமல் மிதித்தால் பிரேக் ஆயில் கொதித்து பெடல் உள்ளே போகும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயில் 0டபிள்யூ-20 ஒரு குவார்ட் கூட வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில், சமதரையில், டிப்ஸ்டிக் பாருங்கள்.

சீட்டில் இடுப்புக்குத் தனித் தாங்கல் இல்லை. சின்னத் துண்டு ஒன்றைச் சுருட்டி பெல்ட் உயரத்தில் வையுங்கள், முதல் மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். கூரையை 10 மணிக்குள்ளும் 5 மணிக்கு மேலும் திறங்கள், நடுப்பகலில் மூடி ஏசி போடுங்கள். மூடினாலும் 75 மைல் வேகத்தில் இரைச்சல்தான், இருவரும் ஃபோம் காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைஇருக்கை:

மிக்க நன்றி. டயருக்கு இன்றே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு பெரிய 12 வோல்ட் கம்ப்ரசர் இருக்கிறது, காரோடு வந்ததற்குப் பதில் அதையே எடுத்துப்போகலாமா? நெவாடா நடுவில் டயர் கிழிந்தால் யாரைக் கூப்பிடுவது?

டார்க்ரெஞ்ச்:

கம்ப்ரசரின் அடியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். சார்ஜர் சாக்கெட்டின் ஃபியூஸ் 15 ஆம்பியர், அதைத் தொடும் கம்ப்ரசர் ஃபியூஸைப் போக்கிவிடும். 10 ஆம்பியர் போதும். கியரை நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கோடு இன்ஜினை ஓடவிட்டுக் காற்றடியுங்கள். சாக்கெட் டிரைவர் பக்கம் அல்ல, பயணி கால் வைக்கும் இடத்தில் உள்ளே தள்ளி இருக்கும், ஒயர் பின்சக்கரம் வரை எட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

இழுவைக்கு டிரிபிள்-ஏ என்ற சாலை உதவிச் சங்கத்தின் பிளஸ் திட்டம் எடுங்கள், 100 மைல் வரை இழுப்பார்கள். அடிப்படைத் திட்டம் சில மைலோடு நின்றுவிடும், நெவாடாவில் அது எதற்கும் ஆகாது. கூப்பிடும்போதே ஃப்ளாட்பெட், அதாவது காரை முழுசாக மேலே ஏற்றும் வண்டி, வேண்டும் என்று சொல்லுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டி வந்தால் பின்சக்கரம்தான் ஓட்டும் சக்கரம், கியர்பாக்ஸ் போகும். பம்பரில் திருகிப் போடும் கொக்கி டிக்கியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். யூஎஸ் 50இல் பல இடத்தில் சிக்னல் கிடையாது, மேப்பை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

மேற்குமைல்:

காதடைப்பான் பற்றி ஒரு திருத்தம். கலிபோர்னியா வாகனச் சட்டம் 27400 இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓட்டுவதைத் தடுக்கிறது. சைரனும் ஹாரனும் கேட்கும்படியான செவிப் பாதுகாப்பு வகைக்கு விலக்கு உண்டு, ஆனால் சாலையோரத்தில் போலீஸ்காரரோடு அதை வாதாடிக்கொண்டிருக்க முடியாது. மாநில எல்லையில் ஓட்டுபவர் கழற்றிவிடுங்கள்.

கிளம்பும் முன் இன்னும் இரண்டு. சீட்டுக்குப் பின்னால் கூரை மடியும் மூலைகளில் மழைநீர் வடியும் துளை இருக்கும். தூசியும் இலையும் அடைத்திருந்தால் தண்ணீர் சீட்டுக்குப் பின்னாலேயே தேங்கும். புல்வெட்டும் மெஷினின் நைலான் நூலை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். கம்பி விட்டால் குழாய் கிழியும்.

வீல் நட்டுக்குப் பூட்டு போட்டிருந்தால் அதன் சாவி எங்கே என்று இப்போதே தேடுங்கள். இந்தக் காரில் டாஷ்போர்டில் பெட்டி கிடையாது, சீட்டுகளுக்கு நடுவே பின்னால் இருக்கும் பூட்டுப் பெட்டியில்தான் அநேகமாக இருக்கும். டயர் மாற்றும் கடையில் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொண்டுதான் காரைக் கிளப்ப வேண்டும்.