புதுப்பிப்பு: பிஎச்பியில் தமிழ் எழுத்துகளை எண்ணுவது
இணையதளம் செய்யும் நிரல்மொழியான பிஎச்பியைப் புதிதாகக் கற்கிறேன், படிவத்தில் தமிழ்ப் பெயர் எழுதினால் நீளம் அதிகம் என்று தள்ளிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

நீளம் பார்க்கும் ஸ்ட்ரிலென் (strlen) என்ற செயற்கூறு எண்ணுவது எழுத்தை அல்ல, கணினியின் சேமிப்பு அலகான பைட்டை. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அதனால் ‘அம்மா’வுக்கு 15. குறியீடுகளை எண்ணும் எம்பி_ஸ்ட்ரிலென் (mb_strlen) 5 என்கிறது. புள்ளியும் துணைக்காலும் தனியாகச் சேர்கின்றன. நாம் எண்ணும் 3 வேண்டுமென்றால் கிராஃபீம்_ஸ்ட்ரிலென்தான் (grapheme_strlen). தமிழில் தளம் செய்பவர்களுக்கு இதை முதல் பாடத்திலேயே சொல்லித்தர வேண்டும்! கிராஃபீம்_ஸ்ட்ரிலென் இயங்க ஐஎன்டிஎல் (intl) என்ற பிஎச்பி நீட்சி தேவை: பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயில் extension=intl என்ற வரிக்கு முன் அரைப்புள்ளி இருந்தால் எடுத்துவிட்டு அப்பாச்சி சர்வரை மறுபடி தொடங்குங்கள்.

அப்புறம், தரவுத்தளத்தில் தமிழ் கேள்விக்குறிகளாக மாறுவது வேறு சிக்கல். அட்டவணையும் இணைப்பும் யுடிஎஃப்8எம்பி4 (utf8mb4) குறியாக்கத்தில்தான் உள்ளனவா என்று பாருங்கள், மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பு முதல் புது அட்டவணைகளுக்கு அதுவே இயல்பு.